வரிசைக்கு ஒரு மனை மிச்சம்

அடியே,

மூன்று நாளைக்கு முன்னால் பரணிலிருந்து அந்தத் தகர உருளையை இறக்கி மூடியைத் திருகினேன். அமோனியா வாடை குப்பென்று மூக்கில் ஏறிக் கண்ணைக் கரித்தது. மின்விசிறியைச் சுழல விட்டும், சன்னலைத் திறந்து வைத்தும் பார்த்துவிட்டேன், வாடை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. அந்தக் காலத்தில் அமோனியாப் புகையில் பிரிண்ட் எடுக்கும்போதெல்லாம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சொல்வாயே, "அழுவறதா இருந்தா இப்பவே அழுதுக்கடி, ஏன்னு யாரும் கேக்க மாட்டாங்க" என்று. அப்போதெல்லாம் சிரித்தேன். இந்த மூன்று நாளாக நீ சொன்னபடிதான் செய்துகொண்டிருக்கிறேன்.

உருளைக்குள் இருந்த பழைய பிளான் தாளை மேஜையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் உன் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளை வைத்தேன். சூளையிலிருந்து கீறலோடு வந்ததால் கழித்துப் போட்டவை அவை. கம்பெனியை விட்டு என்னிடம் வேலைக்கு வந்த அன்று மடியில் கட்டிக்கொண்டு வந்தாய். "கரண்டுக்குத்தான் ஒதவாது, காத்துக்கு ஒதவும்" என்றாய். இன்று வரை என் மேஜையில் எந்தக் காற்றுக்கும் ஒரு தாள் பறந்ததில்லை.

உருளையை ஏன் இறக்கினேன் என்று சொல்ல வேண்டும். மங்களூர்க்காரரை நீ மறந்திருக்க மாட்டாய். சேத்தியாத்தோப்பு ரோட்டில் அவருடைய புஞ்சையை மனையாகப் பிரித்துக் கொடுத்தோமே, அவர். போன வருஷம் காலமாகிவிட்டார். அவர் மகன் பாஸ்கர்தான் திங்கட்கிழமை வந்தான். அந்த மனைப்பிரிவின் கிழக்குக் கடைசியில் காலியாகக் கிடக்கிற நீளத் துண்டில் அடுக்குமாடி கட்ட வேண்டுமாம், நான் பிளான் போட்டுத் தர வேண்டுமாம். "நாலு மாடி எழுப்பலாங்களா மேடம்?" என்றான். அந்த இருபத்துமூன்று அடி ரோட்டுக்கு நாலு மாடி விட மாட்டார்கள் என்று சொன்னேன். ஆனால் துண்டை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கீழே ஒரு வீடு மேலே ஒரு வீடு என்று காட்டினால் எட்டுக் குடும்பத்தை நெருக்கி வைத்துவிடலாம், அதற்கு வழியுண்டு என்றும் நானே எடுத்துக் கொடுத்தேன். வாய் சும்மா இருக்கிறதா எனக்கு?

அவன் சந்தோஷமாக டீயைக் குடித்துவிட்டு, "அன்னிக்கே உங்ககூட இருந்த அந்தம்மா ஒழுங்கா அளந்திருந்தா இதெல்லாம் அப்பவே மனையா வித்திருக்கும். எங்கப்பா சாவுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. பானை சுடுற கோலால பூமிய அளந்துட்டாங்கன்னு" என்றான்.

நானும் சிரித்தேன். "ஆமாம் தம்பி, அவ அப்படித்தான்" என்றேன்.

இந்த ஒரு வரியை உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன். மற்றதெல்லாம் இதைச் சொல்வதற்கு எனக்கு வேண்டியிருக்கும் தைரியம்.

நீ முதன்முதலில் என் ஆபீஸ் படியேறி வந்தது வேலைக்காக அல்ல, சண்டைக்காக. ஜங்ஷன் பக்கம் உன் அண்ணன் கட்டுகிற வீட்டுக்கு நான்தான் பிளான் போட்டிருந்தேன். லைசென்ஸ் வாங்கிப் புதிது, தலை கொஞ்சம் கனத்திருந்த சமயம். தாளை என் முன்னால் விரித்து, "சமையக்கட்டு பத்துக்கு எட்டுன்னு போட்டிருக்கீங்க. பூசறதுக்கு முன்னாடியா, பூசுனதுக்கு அப்புறமா?" என்று கேட்டாய். எனக்குச் சுருக்கென்றது. அதுவரை ஒருவரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. "பூசுனா ரெண்டு பக்கமும் சேந்து ஒரு அங்குலம் போவுதில்ல? அலமாரி செஞ்சி வெச்சிருக்கோம், அது நொழையலன்னா நீங்களா வந்து செதுக்கித் தருவீங்க?" என்றாய். யார் நீ, என்ன படித்திருக்கிறாய் என்று எகிறினேன். "பீங்கான் கம்பெனில மோல்டு செக்‌ஷன்" என்றாய். எங்களுக்கெல்லாம் ஈரத்தில் ஒரு அளவு, காய்ந்தால் ஒரு அளவு, சுட்டால் ஒரு அளவு, கடைசி அளவுதான் நிஜம் என்றாய். அந்த வாரமே அந்தச் சமையல்கட்டை மாற்றிப் போட்டேன். ஆறு மாதத்தில் கம்பெனி மேஸ்திரியோடு முட்டிக்கொண்டு நீ வெளியே வந்தபோது, என் மேஜைக்கு எதிரில் இன்னொரு நாற்காலி போட்டேன்.

உன்னோடு வந்த சாமான்களில் அந்தச் சுருக்கக்கோலும் ஒன்று. தேக்குச் சட்டத்தில் நீயே கோடு கீறி, நீயே எண் போட்டது. பார்த்தால் ஒரு அடிக்கோல், பன்னிரண்டு அங்குலத்துக்கும் எண் உண்டு. ஆனால் நிஜக் கோலோடு ஒட்டி வைத்தால் ஒன்றரை அங்குலம் நீண்டு நிற்கும். பீங்கான் மண் சூளையில் சுருங்குமே, அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே சேர்த்து அச்சுச் செய்வதற்கான கோல் அது. அதில் எட்டு அங்குலம் என்று அளந்தால் உண்மையில் ஒன்பது அங்குலம் இருக்கும். சூளைக்குப் போய் வந்த பின் சரியாக எட்டில் வந்து நிற்கும். "மனுஷன்தான் சூடு பட்டா துள்றான். மண்ணு அடக்கமா உள்ள வாங்கிக்குது" என்று சொல்வாய். பிளான் போடுகிற ஆபீசில் இது எதற்கு என்று கேட்டால், "பொறந்த வூட்டு சீரு, கெடக்கட்டும்" என்பாய். அதுவும் கிடந்தது, என் கோல்களுக்கு நடுவில்.

நமக்குள் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒருவர் இல்லாதபோது மற்றவர் வேலையை முடித்தால், தாளின் கீழ் ஓரத்தில், கட்டக் கோட்டுக்கு வெளியே, பென்சிலில் ஒரு வரி எழுதி வைப்போம். பிரிண்டில் அந்த ஓரம் கத்தரிக்கப்பட்டுவிடும், வெளியே யாருக்கும் தெரியாது. "கெணறு மறந்துட்ட, கெணறு." "மாடிப்படி இடிக்குது பாரு." "சாம்பார் டப்பால இருக்குது, காலி பண்ணிடாத." வேலை முடிந்ததும் மூலத்தாளின் ஓரத்தை நீதான் ரப்பரால் துடைப்பாய். எனக்கு அந்தப் பொறுமை ஏது?

மங்களூர்க்காரர் வேலை வந்தது பங்குனி வெயிலில். பக்கத்துப் புஞ்சைக்காரர் முந்திக்கொள்வதற்குள் தன் மனைகளுக்கு வாங்குகிறவர்களின் பெயரைப் பதிந்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். "ஏம்மா, எத்தினி மனை வரும்? சொல்லும்மா, எத்தினி வரும்?" என்று நாளைக்கு இரண்டு முறை வந்து நிற்பார். இடம் ஒன்றும் பெரிதல்ல. மேற்கிலிருந்து கிழக்காக இரண்டு ரோடு, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மனை, ஆக நான்கு வரிசை. பூங்காவுக்கென்று இடம் ஒதுக்கச் சொல்லும் அளவுக்கு அது இல்லை. ஒதுக்காமல் விட்டால் கேட்பாரும் இல்லை. நீ மட்டும் கேட்டாய். "முப்பது நாப்பது குடும்பம் வந்து எறங்கப் போவுது. ஒரு கல்யாணம், ஒரு சாவுன்னா எங்கடி நிப்பாங்க? ரோட்டுலயா?" என்றாய். அது நம் வேலை இல்லை, ஓனர் கேட்டதைப் போடு என்றேன். "மண்ணு சுருங்கும்டி, குடும்பம் விரியும். ரெண்டுக்கும் எடம் வுட்டுதான் அச்சு போடணும்" என்றாய். மங்களூர்க்காரரிடமும் சொல்லிப் பார்த்தாய். அவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "அத்த கவர்மெண்டு பாத்துக்கும்மா" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வரிசைக்கு எட்டு மனை, மொத்தம் முப்பத்திரண்டு என்று தாள் தயாராகி, பஞ்சாயத்தில் சீலும் விழுந்தது. பெயர் கொடுத்தவர்கள் ராசி பார்த்து நம்பர் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம்தான் நாம் டேப்பைத் தூக்கிக்கொண்டு நிலத்தில் இறங்கினோம். அந்தக் காலை எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. கல் நடுவதற்கு முன்னால், மூலைக்கு மூலை அடையாளம் வைக்க நீ பழைய கம்பெனியில் கேட்டு ஒரு சாக்கு நிறையக் கழிவுப் பீங்கான் கட்டைகள் கொண்டு வந்திருந்தாய். செம்மண்ணில் வெள்ளை வெளேரென்று எட்டத்திலிருந்தே தெரியும். முதல் வரிசையில் முப்பது முப்பது அடியாக அளந்துகொண்டே போனோம். எட்டாவது மனை முடிந்த இடத்தில் நீ கட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்தாய். எல்லைக் கல் இன்னும் முப்பது அடி தள்ளி நின்றது.

டேப்பில்தான் கோளாறு என்றேன் நான். திரும்ப அளந்தோம். இரண்டாம் வரிசையிலும் முப்பது அடி. மூன்றிலும், நான்கிலும். மங்களூர்க்காரர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "என்னம்மா இது, ராவோட ராவா பூமி வளந்துடுச்சா?" என்றார். நான் லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தாளில் கீழே இருந்தது என் கையெழுத்து. இது ஊரில் பரவினால் அப்புறம் ஒரு கோழிக்கூண்டுக்குக்கூட எவனும் என்னிடம் பிளான் போட வரமாட்டான்.

நீ ஒரு நிமிஷம் எல்லைக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு விரலை மடக்கி ஏதோ எண்ணினாய். பிறகு அவர் முன்னால் போய் நின்று, "என் தப்புங்க. மேடம் மேல ஒண்ணுமில்ல. மனை பிரிச்சது நான்தான். என்னோட மோல்டு கோலு ஒண்ணு மேசைல கெடந்துச்சி, அத்த வெச்சி கோடு போட்டுட்டேன். எட்டுக்கு ஒண்ணு கூடும் அதுல. அதான் வரிசைக்கு ஒரு மனை மிஞ்சிப் போச்சி" என்றாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும், கூடவே நின்றாய். உன் மேல் பாய்ந்தேன். அத்தனை பேர் முன்னால், "நெலத்த என்ன சூளைல வெச்சி சுடப் போறியா?" என்று கத்தினேன். டேப் பிடித்த ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மங்களூர்க்காரருக்கும் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி வுடும்மா. நம்பர் குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும். மிச்சம் என் பேர்லயே கெடக்கட்டும், பசங்க காலத்துல பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டார். என் வேலை பிழைத்தது. உனக்கு "பூமியச் சுட்டவ" என்று பட்டம் வந்தது.

மறுநாள் நீ அந்தச் சுருக்கக்கோலின் நடுவில் சிவப்பு நூலை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாய். இனிமேல் கை தவறாது என்றாய். மூலத்தாளையும் நீயே சுருட்டி, உருளையில் போட்டு, ஸ்டூல் மேல் ஏறிப் பரணின் கடைசியில் தள்ளினாய். அதற்குப் பிறகு அந்த மனைப்பிரிவில் எத்தனையோ வீடுகளுக்குப் பிளான் போட்டோம். எல்லாவற்றுக்கும் பிரிண்டை வைத்தே வேலை நடந்தது. மூலத்தாளைத் திறக்க அவசியமே வரவில்லை.

பதினாறாம் நம்பர் மனையை நீயே வாங்கினாய். இரண்டாம் வரிசையின் கடைசி மனை, அந்தத் துண்டை ஒட்டி. ஊரார் அந்தத் துண்டுக்கு மிச்சம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "மிச்சத்துல வத்தல் காயுது, பாத்துக்க." "புள்ளைங்க மிச்சத்துல வெளையாடுது." உனக்கு எதிர் வரிசையில் குடியிருக்கிற நர்ஸ் ஸ்டெல்லா ஒரு கிறிஸ்துமஸுக்கு அங்கே குடில் போட்டு நட்சத்திரம் கட்டினாள், தை மாதம் அதே கம்பத்தில் கரும்பு கட்டினார்கள். பெருமழையில் இரண்டு ரோட்டுத் தண்ணீரும் கிழக்கே ஓடி, மிச்சத்தில் தேங்கி, மெதுவாக வாய்க்காலில் இறங்கும். பக்கத்துப் புஞ்சைக்காரர் போட்ட மனைப்பிரிவு கொல்லைக் கோடி வரை ஒரு சாண் விடாமல் நெருக்கிப் பிரித்தது. அங்கே முழங்கால் தண்ணீரில் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிக்கொண்டிருந்த நாட்களிலும் உன் தெருவில் வாசல் நனைந்ததில்லை. அப்போதும் நான் உன்னைச் சீண்டாமல் விட்டேனா? "அளக்கத் தெரியாதவ போட்ட மனை, அதிர்ஷ்டத்துல தப்பிச்சிடுச்சி" என்றேன். நீ முறத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இத்தனை நாள் அசட்டுச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழையில் நீ போனாய், இரண்டு வருஷமாகிவிட்டது. பந்தல் எங்கே போட்டார்கள் தெரியுமா? மிச்சத்தில்தான். ஒரு சாவுன்னா எங்கடி நிப்பாங்க என்று கேட்டாயே, அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். நானும் நின்றேன். உன் மகள் அந்தச் சிவப்பு நூல் கோலை என்னிடம் கொடுத்து, "அம்மா இத்த உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொன்னாங்க" என்றாள். எனக்கெதற்கு என்று நினைத்தபடியே வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டேன்.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன். பாஸ்கர் போனதும், துண்டின் சரியான எல்லை வேண்டும் என்று உருளையை இறக்கினேன் என்றேனல்லவா? தாளை விரித்தேன், கட்டைகளை வைத்தேன். உன் கையால் போட்ட மனை நம்பர்கள் முத்து முத்தாக இருந்தன, அச்சின் அடியில் கீறுகிற எண்களைப் போல. அப்படியே கண் கீழே இறங்கியது. ஓரத்தில் பென்சில் எழுத்து. துடைக்காமல் விட்டிருந்தாய்.

முதல் வரி என் கையெழுத்து. "மனை பிரிச்சி முடிச்சிட்டேன். ஒரே கோல்ல கச்சிதமா எட்டு வந்துடுச்சி. நீ ஊர்லேந்து வந்து நம்பர் மட்டும் போடு."

ஆமாம், நீ அன்று ஊரிலேயே இல்லை. ஸ்ரீமுஷ்ணத்தில் உன் அக்கா வீட்டில் ஏதோ விசேஷம். மறுநாள் காலையில் கோயில் பிரசாதமான கோரைக்கிழங்கு உருண்டையை வாழை மட்டையில் கட்டிக்கொண்டு வந்தாய், அதன் மண் வாசனை எனக்குப் பிடிக்காது என்று முகத்தைச் சுளித்தேன். எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. மங்களூர்க்காரர் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று வாசலில் காத்திருந்தார். நான் மேஜையில் கைக்குக் கிடைத்த அடிக்கோலை எடுத்து வரிசையின் மேல் வைத்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தைத்து வைத்த மாதிரி பொருந்தியது. அட, என்ன ராசியான இடம் என்று சந்தோஷப்பட்டு, இருபது அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், மனைக்கு ஒன்றரை அங்குலமாக, வைத்த கையை எடுக்காமல் எட்டுக் குறி வைத்தேன். நிலத்தின் நீளத்தை முப்பதால் வகுத்துப் பார்த்திருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் ஒன்பது வந்திருக்கும். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

என் வரிக்குக் கீழே உன் எழுத்து. "போட்டாச்சு." இது அன்றைக்கே எழுதியது. அதற்கும் கீழே, நீலப் பென்சிலில், பிறகு எழுதிய இன்னொரு வரி. "கோலை உன் மேசைல வெச்சிட்டுப் போனது என் தப்புதான். பொய் சொல்லலடி நான்."

எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. அமோனியாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு அழுதேன். எனக்கு உன் மேல் கோபம்கூட வந்தது. சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? இத்தனை வருஷம் கல்யாண வீட்டில், கடைத்தெருவில், உன் எதிரிலேயே உன்னை வைத்து நான் சிரிப்புக் காட்டினேனே, ஒரு தடவை என் வாயை அடைக்கக் கூடாதா? அப்புறம் இன்னொன்று தோன்றியது. நிஜமாகவே நான் மறந்துதான் போனேனா? நீ "நான்தான்" என்று சொன்ன அந்த நொடியில் என் நெஞ்சு அப்பாடா என்றதே, அந்த அப்பாடாவின் அடியில் எனக்குத் தெரிந்திருக்குமோ? தெரியாது என்று சத்தியம் செய்ய எனக்கு நாக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

சிவப்பு நூலும் அப்போதுதான் புரிந்தது. உன் கை தவறாமல் இருக்கவா கட்டினாய்?

செவ்வாய்க்கிழமை பாஸ்கரை மிச்சத்துக்கே வரச் சொன்னேன். தாளையும் கோலையும் எடுத்துக்கொண்டு போனேன். நான் போய் நின்றதும், அடுக்குமாடி வருகிறதாமே என்று தெருவே கூடிவிட்டது. ஸ்டெல்லா டியூட்டி உடையோடு வந்து நின்றாள். உன் வீட்டுக் காம்பவுண்டு ஓரத்தில், நீ வைத்த வெள்ளைக் கட்டை ஒன்று இன்னும் பாதி மண்ணுக்குள் இருந்தது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

"பாஸ்கர், அன்னிக்கி தப்பா அளந்தது அவ இல்ல. நான்."

அவன் தாளை வாங்கி, ஓரத்து வரிகளை உதடு அசையப் படித்தான். நான் கோலை நிஜ டேப்போடு ஒட்டி வைத்து, ஒன்றரை அங்குலம் நீண்டு நிற்பதைக் காட்டினேன். ஸ்டெல்லாதான் முதலில் வாயைத் திறந்தாள். "இத்தினி வருசமா உங்களுக்குத் தெரியவே தெரியாதா மேடம்? அந்தக்காவ எப்பிடியெல்லாம் கேலி பண்ணுவீங்க" என்றாள். எனக்கு அது வேண்டும்.

பாஸ்கர், "எங்கப்பா அவங்கள மூஞ்சிக்கு நேராவே எத்தினி வாட்டி கிண்டல் பண்ணிருக்காரு. ஒரு வார்த்த சொல்லலியே" என்றான். பிறகு தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "சரிங்க மேடம், தப்பு யாருதா வேணா இருக்கட்டும். எடம் எங்களுதுதான?" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. அவனுக்கும் ஒரு அக்கா, ஒரு தங்கை, அப்பா சொத்தில் ஆளுக்கொரு கண். நான் அவனைத் திட்டவில்லை. உன்னைப் போல மெதுவாகப் பேசிப் பார்த்தேன். உனக்கு வந்த அளவு எனக்கு வரவில்லை என்றாலும் பேசினேன்.

துண்டை நான்காகப் பிரித்துக் காட்டினேன். வடக்குக் கோடியில் ஒன்று, தெற்குக் கோடியில் ஒன்று, இரண்டும் அவர்களுக்கு வீட்டு மனை. நடுவில் இரண்டு ரோட்டுக்கும் இடைப்பட்ட இரண்டு மனையளவு இடத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். "இங்க எட்டு குடும்பத்த ஏத்தினா, ரெண்டு ரோட்டுத் தண்ணியும் திரும்பி இந்த முப்பத்திரண்டு வாசல்லயும் ஏறும். பக்கத்து நகர்ல பாத்தியே. நீ கட்டற எட்டு வூட்டுலயும் அதே தண்ணிதான் நிக்கும். நாலுல ரெண்டு கட்டு, ரெண்டு வுடு. எட்டு வூட்டுக்கு நான் பிளான் போட மாட்டேன். வேற ஆளுகிட்ட போனா போ, ஆனா வழி சொல்லிக் குடுத்தது நான்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுதான் சாவேன்" என்றேன். கடைசியில் கொஞ்சம் கத்திவிட்டேன். மெதுவாகப் பேசுவதில் எனக்கு அவ்வளவுதான் சரக்கு.

அக்காவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவன், இன்று காலை வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அக்கா ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு மனை எங்களுக்கு, நடுவுல இருக்கறத பொதுவுக்கு எழுதிக் குடுத்துடறோம். ஆனா அப்பா பேருல ஒரு போர்டு வெக்கணும்" என்றான். தாராளமாக வை என்றேன். போர்டில் யார் பேர் இருந்தால் என்ன, உன் தெரு அதை மிச்சம் என்றுதான் சொல்லும். "போயிட்டு வரேன் மேடம்" என்று திரும்பியவன், நின்று, "அந்தம்மா வூட்டாண்ட அந்த வெள்ள கட்டைய எடுக்க வேணாம்னு சொல்லிட்டேன்" என்றான். மங்களூர்க்காரர் பிள்ளைதான், ஆனால் மோசமில்லை.

இப்போதெல்லாம் பிளான் கம்ப்யூட்டரில்தான். அதில் எட்டுக்கு ஒன்பது வராது, முப்பதைச் சொன்னால் முப்பதுதான். ஆனாலும் இந்த ஒரு பிளானை முதலில் கையால் போட்டுப் பார்த்தேன். பழைய பலகையில் தாளை விரித்தேன், நான்கு மூலையிலும் உன் கட்டைகள். சிவப்பு நூல் கோலை எடுத்து, அதை வைத்து எதையும் அளக்காமல், கண்ணில் படுகிற மாதிரி பக்கத்தில் வைத்துக்கொண்டேன். நல்ல கோலால் நான்கு பிரித்தேன். இரண்டுக்கு மனை என்று எழுதினேன். நடுவில் இரண்டுக்கு என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்து, பொது இடம் என்று எழுதினேன்.

அப்புறம் பழக்கம் விடவில்லை. கட்டக் கோட்டுக்கு வெளியே, கீழ் ஓரத்தில், பென்சிலில் எழுதினேன்.

"இடம் விட்டுப் பிரிச்சி முடிச்சிட்டேன். அன்னிக்கி கோலு உன்னுது, கை என்னுது. நம்பர் இன்னும் போடல, உனக்காக வெச்சிருக்கேன்."

ஓரத்தை வெட்டவில்லை. துடைக்கவும் மாட்டேன்.